படத்தில் இல்லாத குழந்தை

"கையெழுத்துப் போட்டுட்டா!"

கம்பாலா போலீஸ் ஸ்டேஷன் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலொங்கோ ஜோவியா அலறியபோது, நான் பைக்குக்கு இன்னும் ஸ்டாண்டு கூடப் போடவில்லை. பின்சீட்டிலிருந்து இறங்க என் முதலாளியம்மா நமூலிக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். உடம்பு அப்படி. இன்றைக்கு அவர் குதித்த குதியில் பைக்கே சாய்ந்தது.

"யாரு, நாகாட்டோவா? எதுல கையெழுத்து?"

"'படத்தை நான்தான் வெளிய விட்டேன்'னு எழுதிக் கொடுத்துட்டாளாம், நியாபோ! மதியச் சாப்பாடு முடிஞ்சதும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்கயும் அதையே சொன்னா ஜெயில்தான். பத்தொம்பது வயசுப் பொண்ணு நியாபோ!"

நமூலியை ஊரில் எல்லோரும் நியாபோ, அதாவது 'அம்மா', என்றுதான் கூப்பிடுவார்கள். நானும்தான். கோர்ட்டில் இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கொலைகாரனிலிருந்து கோழி திருடன் வரை ஒவ்வொருவனும் சொன்ன பொய்யை வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிச் சொல்லி, காது கத்தி மாதிரி தீட்டப்பட்டுவிட்டது. ஓய்வு பெற்றதும் துப்பறிய வந்துவிட்டார். நான் கயீரா. அவருக்கு உதவியாள், டிரைவர், வறுத்த வேர்க்கடலை வாங்கி வருபவன். சம்பளம் மட்டும் ஒன்று.

வழக்கு இதுதான். ஜோவியா தன் சொந்தக் கதையை ஆங்கிலத்தில் படமாக எடுத்திருந்தார். அதை 'அவாக்கா' என்ற கம்பெனி வாங்கியது. ஃபோனிலேயே பணம் கட்டி, வீட்டிலேயே டவுன்லோட் செய்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். திருட்டு கிடையாது, போலீஸ் பயம் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஒரு மாதமாக அவர் மகள் நாகாட்டோ மார்க்கெட் மார்க்கெட்டாக ஏறி இறங்கி, தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பட்டனை அழுத்துங்க, ராத்திரி டேட்டா மலிவா இருக்கும்போது இறக்கி வச்சுக்கங்க, காலையில கரண்ட் இல்லன்னாலும் ஃபோன்ல பார்க்கலாம் என்று. எனக்கே அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "திருட்டு டிஸ்க் வாங்குற கையால என்கிட்ட கை குலுக்காதீங்க அண்ணா" என்று சிரித்தாள். நான் அன்றிலிருந்து வாங்குவதில்லை. சத்தியமாக.

ரிலீசுக்கு முன்னாலேயே படம் தெருவுக்கு வந்துவிட்டது. திருட்டுப் பிரதியில் ஓர் இடத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு நம்பர் தெரிகிறதாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற பிரதிக்கு ஒரு நம்பர். இது, முன்கூட்டியே பார்க்கச் சொல்லி ஜோவியா வீட்டுக்கு அனுப்பிய பிரதியின் நம்பர். டவுன்லோட் செய்தது நாகாட்டோவின் ஃபோன். அவ்வளவுதான், பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

"பொண்ணைப் பார்த்தீங்களா?" என்றார் நமூலி.

"என் மூஞ்சியைப் பார்க்க மாட்டாளாம். உள்ள விடாதீங்கன்னு அவளே சொல்லிட்டாளாம்."

"நாலொங்கோ, என்கிட்ட மறைக்காதீங்க. அவ பண்ணியிருப்பாளா?"

ஜோவியாவின் கண் தரைக்குப் போனது. "படத்துல ஒரு பகுதியை வெட்டச் சொன்னாங்க. நான் அவங்க ஆபீஸ்லயே கத்திட்டேன். 'உங்களுக்குக் கொடுக்கறதுக்குத் தெருவுல சும்மா வாரி இறைச்சிடலாம்'னு. அவ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தா." மூச்சு வாங்கியது. "பண்ணியிருந்தாலும் என் பொண்ணுதானே நியாபோ? எப்படியாவது காப்பாத்துங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நமூலிக்கும் பிடிக்கவில்லை என்பது அவர் என் தோளில் வைத்த கையின் கனத்தில் தெரிந்தது.

"கயீரா, வண்டியை எடு. அந்தத் திருட்டுப் படத்தை நாம இன்னும் முழுசா கேக்கவே இல்ல."

"படத்தைப் பார்ப்பாங்க, நியாபோ. கேக்க மாட்டாங்க."

"அதனாலதான் எவனும் கண்டுபிடிக்கல."

* * *

கட்வேயில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்கடை. போர்டில் 'லைப்ரரி' என்று எழுதியிருக்கும். புத்தகம் ஒன்று கூட இருக்காது. டிஸ்க்கும் பென் டிரைவும்தான்.

"ஜோவியா படமா? இப்பதான் இறங்கிச்சு. சூடா இருக்கு!" என்றான் கடைக்காரன், வறுத்த கடலை விற்கிறவன் மாதிரி. "கசுக்கு குரல் கொடுத்தது. கசுக்கு இல்லாம இந்த ஏரியாவுல எவன் வாங்குவான்?"

விஜே கசுக்கு. கசுக்கு என்றால் கிளி. கம்பாலாவில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது மேலே எங்கள் லுகாண்டா மொழியில் பேசிக்கொண்டே போகிறவர்களை விஜே என்போம். வசனத்தை மட்டுமா சொல்வார்கள்? ஹீரோவைத் திட்டுவார்கள், வில்லனுக்குப் புத்தி சொல்வார்கள், நடுவில் நண்பன் கடைக்கு விளம்பரமும் செய்வார்கள். அதில் கசுக்கு ராஜா. நம்பர் விஷயம் வெளியே வந்த அன்றிலிருந்து ஆளைக் காணோம். போலீசும் தேடுகிறது.

கடையின் பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து நமூலி கண்ணை மூடிக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். கசுக்குவின் குரல் வெள்ளமாகப் பாய்ந்தது.

"பாருங்கம்மா பாருங்க, இந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கப் போறா! அடியே, அவன் ஷூவைப் பாரு, வாடகை ஷூடி! பசிக்குதா மக்களே? கபா படித்துறையில நபீரா அத்தை மீன் கடை, போய் என் பேரைச் சொல்லுங்க…"

கதை நகர்ந்தது. பெண்ணுக்குப் பிரசவம். மூடிய கதவு, வெளியே நடக்கும் கணவன், மருத்துவச்சியின் முகம். பிறகு கட்டிலில் தாய், மடியில் ஒரு குழந்தை. கசுக்குவின் குரல் கரகரத்தது.

"அழாதீங்க நாலொங்கோ, அழாதீங்க. ஐயா சாலொங்கோ, தைரியமா உள்ள வாங்க…"

நமூலி பட்டென்று கண்ணைத் திறந்தார். கையிலிருந்த கடலை தரையில் சிதறியது. கடலையைச் சிதறவிடுகிற ஆள் இல்லை அவர்.

"இப்ப என்ன சொன்னான்?"

"நாலொங்கோன்னான். படம் எடுத்தவங்க நாலொங்கோ இல்லையா, அவங்களுக்கு ஒரு மரியாதை…"

"புருஷனை என்னன்னான்?"

"சாலொங்கோ." சொல்லும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"திரையில எத்தனை குழந்தைடா?"

"ஒண்ணு."

இரட்டைக் குழந்தை பெற்றவள்தான் நாலொங்கோ. அவள் புருஷன்தான் சாலொங்கோ. எங்கள் ஜனங்கள் விளையாட்டுக்குக்கூட வேறு யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பேருக்குச் சடங்கு உண்டு, ஆட்டம் உண்டு, ஆடு வெட்டுவது உண்டு. ஒரு குழந்தைக்காரனைச் சாலொங்கோ என்று கூப்பிட்டால் அவன் அடிக்கவே வருவான்.

பிரசவத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தோம். அங்கே அவளை வெறும் 'பொண்ணு' என்றுதான் சொல்கிறான். பிரசவத்துக்கு அப்புறம் கடைசி வரை நாலொங்கோ. நமூலி ஃபோனை எடுத்தார்.

"ஜோவியா, படத்துல வெட்டச் சொன்ன பகுதி என்னது?"

"ரெட்டைக் குழந்தை. ரெண்டு பிறக்கும், ஒண்ணு பறந்து போயிடும். என் மூத்தவ மாதிரி." இரட்டையர் செத்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை, பறந்து போனார்கள் என்போம். "வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது, நீளமா இருக்குன்னு கம்பெனில காலின்ஸ் வெட்டச் சொன்னான். ஒரு குழந்தையாவே மாத்திட்டோம்."

"வெட்டறதுக்கு முன்னாடி முழுசா பார்த்தது யார் யாரு?"

"படத்தை வீட்டுலதான் வெட்டினோம். நானும் நாகாட்டோவும். அதுக்கு முன்னாடி முழுப்படத்தையும் கம்பெனிக்கு அனுப்பினோம், அவங்க பார்த்தாங்க."

"கசுக்கு?"

"ஐயோ! என் படத்து மேல ஒரு விஜேயும் பேசக்கூடாதுன்னு கம்பெனிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேனே."

நமூலி ஃபோனை வைத்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கசுக்கு முழுப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருக்கிறான். முழுப்படம் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று கம்பெனி. இன்னொன்று நாகாட்டோ இருக்கும் வீடு.

"பிரமாதம் நியாபோ. அந்தப் பொண்ணு கழுத்துல கயிறு லூசா இருந்துச்சு. நாம வந்து நல்லா இறுக்கிட்டோம்."

"வாயை மூடு. கசுக்கு கையில படத்தைக் கொடுத்தது யாருன்னு கசுக்குவுக்குத்தான் தெரியும்."

"அவனைத்தான் போலீசே தேடுதே! எங்க போய்ப் பிடிக்கறது?"

நமூலி ஏற்கெனவே கடையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். "ஒருத்தன் தன் படத்துல சும்மா எவளோட மீனுக்கும் விளம்பரம் பண்ணுவானா? வயித்துக்குச் சோறு போடறவளைத்தான் சொல்வான். கபாவுக்கு விடு."

* * *

கபா படித்துறையில் ஏரிக் காற்றும் மீன் வறுக்கும் புகையும். நபீரா அத்தை கடையில் நல்ல கூட்டம். வந்த விஷயத்தைச் சொன்னதுமே கரண்டியை ஓங்கினாள்.

"கசுக்குவா? கிளியா? இங்க மீன்தான் விக்கறேன், பறவை விக்கல. சாப்பிடறதுன்னா உக்காருங்க, இல்லன்னா இடத்தைக் காலி பண்ணுங்க!"

கடைக்குள் ஏழெட்டு ஆண்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் துணி. புகைக்கு அப்படித்தான் கட்டுவார்கள். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. கசுக்குவின் முகம் யாருக்குத் தெரியும்? குரல்தான் தெரியும். எவனும் வாயைத் திறக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஸ்டேஷனில் சாப்பாட்டுத் தட்டு எடுத்திருப்பார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "நியாபோ, ஒவ்வொருத்தனா துணியை அவுத்துப் பார்க்கவா?"

"செய். மீன் கத்தி ஏழெட்டு இருக்கு. உன் உடம்புல இடம் இருக்கா பாரு."

மூலையில் ஒரு டிவி. சீனக் கராத்தே படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மொழி புரியாததால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் உருப்படியான யோசனைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். அதில் இது ஒன்று.

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"பாருங்க மக்களே பாருங்க! இந்தத் தாடிக்காரக் கிழவன்தான் ஹீரோவோட மச்சான்! பாக்கிக் காசு கேட்டு வந்திருக்கான்! ஹீரோ என்ன சொல்றான்? 'மச்சான், சந்தைக்குப் போய்ட்டு வந்து தர்றேன்'கறான்…"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவன் என் மேல் மீன் முள்ளை எறிந்தான். நான் விடவில்லை. திரையில் கிழவன் செத்து விழுந்தான்.

"ஐயையோ, மச்சானுக்குத் தூக்கம் வந்துடுச்சு! நல்லாத் தூங்குங்க மச்சான்!"

"அடப்பாவி!" என்று ஒரு குரல் வெடித்தது. "அது அவன் அப்பன்டா! செத்துட்டான்டா! பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பிள்ளையைப் பார்த்துட்டுக் கண்ணை மூடறான், தூக்கம் வந்துச்சாம் தூக்கம்! படத்தைக் கொல்றியேடா!"

ஏரியில் படகுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கம்பாலாவில் அந்தக் குரலைத் தெரியாதவன் செவிடன்தான். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒல்லி ஆள் ஒருவன் துணிக்குப் பின்னால் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டான். ரொம்பத் தாமதம்.

"வணக்கம் கசுக்கு" என்றார் நமூலி.

ஓடப் பார்த்தான். நமூலி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் வாசலில் வேறு இடம் இருக்காது.

"நான் திருடல ஐயா, நியாபோ, யார்னாலும் சரி, நான் திருடல!" அழுதே விட்டான். "இருபது வருஷமா திருட்டுப் படத்துக்குக் குரல் கொடுத்தேன், ஒரு நாய்கூடக் கேக்கல. முதல் தடவையா நியாயமான வேலை ஒண்ணு செஞ்சேன், போலீஸ் தேடுது!"

"நியாயமான வேலையா? யார் கொடுத்தது?"

"கம்பெனிதான்! அவாக்கா கம்பெனி! அங்க காலின்ஸ்னு ஒரு பெரிய ஆளு. அவரே என்னை அவங்க ரூமுக்குக் கூப்பிட்டு, மைக் கொடுத்துப் பேசச் சொன்னாரு. 'இனிமே உன் குரல் எல்லார் வீட்டுக்கும் சட்டப்படி போகும், ஜனங்க காசு கட்டி இறக்கிக் கேப்பாங்க'ன்னாரு. மசாக்காவுல எங்கம்மா இருக்கா நியாபோ. மகன் திருட்டுத் தொழில் பண்றான்னு சர்ச்சுல தலைகுனிஞ்சு உக்கார்றவ. இனிமே தலை நிமிர்ந்து உக்காருவான்னு நெனச்சேன். அப்புறம் 'அந்த அம்மா விஜே வேண்டாம்னுட்டாங்க, வாயைத் திறக்காத'ன்னு காலின்ஸே சொல்லிட்டாரு. பார்த்தா என் குரலோட படம் தெருவுல கெடக்கு!"

"படத்துல எத்தனை குழந்தை?"

"ரெண்டு." ஏன் கேட்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. "ரெட்டை. ஒண்ணு பறந்து போகும். மைக் முன்னாடியே அழுதுட்டேன். ஏன், இப்ப இல்லையா?"

"இல்ல. வெட்டிட்டாங்க."

"வெட்டிட்டாங்களா?" அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லணும்" என்றார் நமூலி.

"மாட்டேன்! என் பேச்சை யார் நம்புவா? கோட்டு போட்டவன் ஒரு பக்கம், மீன் நாத்தம் அடிக்கறவன் ஒரு பக்கம். உள்ள தள்ளிடுவாங்க. என்னை விட்டுடுங்க!"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் சட்டையைப் பிடித்தேன். "உனக்குப் பதிலா ஒரு சின்னப் பொண்ணு உள்ள இருக்காடா! செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்துட்டு உக்கார்ந்திருக்கா!"

"எந்தப் பொண்ணு?"

"அந்தப் படத்துல ரெண்டு குழந்தைல, பறந்து போகாம மிஞ்சின குழந்தை" என்றார் நமூலி மெதுவாக. "அது நிஜப் பொண்ணு. பேரு நாகாட்டோ."

கசுக்கு கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். இடுப்பில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்தான்.

"பைக்ல மூணு பேர் போகலாமா?" என்றான்.

போகக்கூடாது. போனோம்.

* * *

ஸ்டேஷன் வாசலில் ஜீப் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாலொங்கோ ஜோவியா அதன் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "எழுந்திருங்க நாலொங்கோ, எங்களுக்குச் சங்கடமா இருக்கு." அவர் அசையவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கசுக்குவை என் ஹெல்மெட்டை மாட்டி வராந்தாவில் நிறுத்தினோம். உள்ளே ஸ்டேஷன் அதிகாரி ஓ.சி. செபுன்யா வாழைக்காய் மசியலின் கடைசிக் கவளத்தில் இருந்தார். எதிரே இஸ்திரி கலையாத கோட்டில் காலின்ஸ். பெயர் என்னவோ எங்கள் இனத்துப் பெயர்தான், காலின்ஸ் முகெர்வா. ஆனால் சின்ன வயதிலேயே லண்டனுக்குக் கொண்டுபோய் வளர்த்துவிட்டார்கள். லுகாண்டாவில் 'சாப்பிட்டாச்சா'வுக்கு மேல் வராது. அவனோடு பேச்செல்லாம் ஆங்கிலம்தான்.

"சாலொங்கோ, ரெண்டு நிமிஷம்" என்றார் நமூலி ஓ.சி.யிடம்.

"எல்லாம் முடிஞ்சுது நியாபோ. பொண்ணே ஒத்துக்கிட்டா."

"காலின்ஸ் ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஐயா, வீட்டுக்குப் போற பிரதிக்கெல்லாம் நம்பர் போடறீங்களே, அதைப் போடறது யாரு?"

"என் டிபார்ட்மென்ட்தான். ஏன்?"

"சும்மாதான். உங்க கம்பெனில இந்தப் படத்துக்கு விஜே யாரையாவது வச்சுப் பேச வச்சீங்களா?"

காலின்ஸ் சிரித்தான். "அந்த மாதிரி ஆளுங்களை நாங்க கேட்டுக்குள்ளயே விடறதில்ல மேடம். நாங்க சட்டப்படி நடக்கற கம்பெனி."

"எழுதிக்கங்க சாலொங்கோ. கேட்டுக்குள்ளயே விடறதில்ல."

நமூலி என் ஃபோனை மேஜையில் வைத்து, பிரசவக் காட்சியை ஓட்டினார். ஓ.சி. கை கழுவிக்கொண்டே அசட்டையாகப் பார்த்தார். 'அழாதீங்க நாலொங்கோ… ஐயா சாலொங்கோ, தைரியமா உள்ள வாங்க…'

ஓ.சி.யின் கை குழாயடியில் அப்படியே நின்றது.

"யாரைச் சாலொங்கோங்கறான்? குழந்தை ஒண்ணுதானே இருக்கு?"

"அதான் சாலொங்கோ, எனக்கும் குழப்பம்" என்றார் நமூலி. "காலின்ஸ் ஐயா, உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

"இதுல என்ன இருக்கு?" காலின்ஸ் தோளைக் குலுக்கினான். "மரியாதைக்குச் சொல்றது. 'சார்'ங்கற மாதிரி. ஆபீசரைக்கூட இங்க எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க, பெரிய பதவியில இருக்கறதால?"

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். ஓ.சி. சிரிக்கவில்லை. ஈரக் கையோடு வந்து அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, என்னைச் சாலொங்கோன்னு கூப்பிடறது பதவிக்கு இல்ல. வீட்டுல ரெட்டைப் பசங்க ரெண்டு பேர் என் உசிரை எடுத்துட்டு இருக்கானுங்களே, அதுக்கு!"

"இந்தக் குரல் முழுப்படத்தைப் பார்த்துப் பேசின குரல்" என்றார் நமூலி. "அதுல ரெட்டை உண்டு. அப்புறம் வெட்டின படத்துக்கு ஏத்த மாதிரி யாரோ குரலையும் வெட்டி ஒட்டியிருக்காங்க. ரெண்டாவது குழந்தை வர்ற இடத்தையெல்லாம் கத்தரிச்சவன், இந்தப் பேரை மட்டும் விட்டுட்டான். ஏன்? அவனுக்கு அதோட அர்த்தம் தெரியாது. உள்ள இருக்கற பொண்ணு பேரு என்ன சாலொங்கோ?"

"நாகாட்டோ…" ஓ.சி. தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ரெட்டையில் இளையவளுக்கு வைக்கிற பேர் அது. "அவ வெட்டியிருந்தா முதல்ல அந்தப் பேரைத்தான் வெட்டியிருப்பா!"

"இதெல்லாம் கற்பனை" என்றான் காலின்ஸ். குரலில் லண்டன் குறைந்திருந்தது. "அந்த விஜே யாரோ, அவனும் அந்தப் பொண்ணும் சேர்ந்து…"

"கயீரா" என்றார் நமூலி.

வராந்தாவிலிருந்து கசுக்குவை இழுத்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். மீன் வாடை அறை முழுக்கப் பரவியது. காலின்ஸ் அவனைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்தான்.

"இவரை யார்னே எனக்குத் தெரியாது" என்றான்.

"கல்யாணக் காட்சி முடிஞ்ச உடனே ஓட்டுங்க சாலொங்கோ" என்றான் கசுக்கு, எச்சில் விழுங்கிக்கொண்டு. "நான் எங்க போய்ப் பேசினாலும், எனக்கு நல்லது பண்ணினவங்களுக்கு நடுவுல ஒரு சலாம் வைப்பேன். என் வழக்கம்."

ஓட்டினோம். கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருக்க, கசுக்குவின் குரல் இடையில் குதித்தது. 'ஒரு பெரிய சலாம், அவாக்கா கம்பெனி நீல கேட்டுல நிக்கற ஒப்பொலொட் தாத்தாவுக்கு! தொண்டை கட்டிச்சுன்னு இஞ்சி டீ போட்டுக் கொடுத்த மகராசன்!'

ஊரே இந்தப் படத்தை வாங்கிப் பார்த்திருக்கிறது, ஊரே இந்தச் சலாமைக் கேட்டிருக்கிறது. விஜே சலாம் வைக்கும்போது யார் காது கொடுக்கிறார்கள்? டீ எடுக்கப் போய்விடுவோம். வெட்டி ஒட்டினவனுக்கோ அது சலாமா சாபமா என்றே தெரியாது.

ஓ.சி. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கேட்டுல நிக்கறவர் பேரு என்ன, காலின்ஸ்?"

காலின்ஸ் தண்ணீர் கேட்டான்.

* * *

திருட்டுப் பிரதியைக் கட்வே மொத்த வியாபாரி ஒருவனுக்கு விற்றதைக் காலின்ஸ் ஒப்புக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. ஆபீசில் தன்னைப் பார்த்துக் கத்தின அம்மாளின் வீட்டு நம்பரைப் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தானாம். ஜீப் இஞ்சினை அணைத்தார்கள். நாகாட்டோவை ஜாமீனில் விடுகிறேன், கேசை மூடுவது மேலிடத்து வேலை என்றார் ஓ.சி. படத்தின் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவுக்குப் போனது போனதுதான்.

வராந்தா பெஞ்சில் அம்மாவும் மகளும் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நாகாட்டோ தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி கையெழுத்துப் போட்ட?" என்றார் நாலொங்கோ. "செய்யாததை ஏண்டி செஞ்சேன்னு சொன்ன?"

"நீங்கதான் செஞ்சீங்கன்னு நெனச்சேம்மா."

கிளம்பலாம் என்று நமூலியின் கையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

"தெருவுல வாரி இறைப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த நம்பர் நம்ம வீட்டு நம்பர்னதும், சரி, அம்மாதான்னு முடிவே பண்ணிட்டேன். உங்களை உள்ள விட்டா நீங்க ஒத்துக்குவீங்கன்னு பயந்தேன். அதான் பார்க்க மாட்டேன்னுட்டேன்."

நாலொங்கோ பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒருகாலும் தெரிந்திருக்காது.

"நானும் நீதான்னு நெனச்சேன்டி" என்றார். "எனக்காகக் கோவப்பட்டு நீ பண்ணிட்டேன்னு. வாசல்ல நின்னது, ஜீப் முன்னாடி உக்கார்ந்தது எல்லாம், நீ பண்ணினவன்னு நெனச்சுக்கிட்டுத்தான். என்னை மன்னிச்சுடு."

ஓ.சி. உள்ளே யாரையோ சத்தம் போடுவது கேட்டது.

"ஒரு தடவை உங்களை உள்ள விட்டிருந்தா போதும்" என்றாள் நாகாட்டோ. "என்னைச் சந்தேகப்படற மூஞ்சியைப் பார்த்த உடனே, நீங்க செய்யலன்னு புரிஞ்சிருக்கும். கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். பார்க்காம இருந்துட்டேனேம்மா."

அப்போதும் அவள் தலை குனிந்தபடியே இருந்தது. நாலொங்கோ நகர்ந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்தார். மகளின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்பப் பாரு" என்றார்.